திறக்காமல் கூறிய பெட்டி

ஜெனீற்றாவுக்குப் பால் ஊறுகிற ஊறலில் அவளுக்கே கொஞ்சம் வெட்கம். மூன்று மாத மகன் லியோன் வயிறு முட்டக் குடித்த பிறகும் சட்டை நனையும். அதனால், யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்குப் பால் வேண்டும் என்று மருத்துவமாது தர்சனா கேட்டதும் ஓமென்று தலையாட்டிவிட்டாள். இரத்தப் பரிசோதனையும் முடிந்தது.

"ஊருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ மிஸி," என்று கேட்டுக்கொண்டாள். நெடுந்தீவில் ஒரு கதை இறங்குதுறைக்குப் போய்ச்சேர ஐந்து நிமிடம் காணும்.

பிள்ளையின் தாய் சீதேவிக்கு இன்னும் பால் சுரக்கவில்லை. ஜெனீற்றா முதல் அனுப்பிய பாலும் முடிந்துவிட்டது. காலை பத்து மணிக்குள் மிச்சம் வந்தாக வேண்டும். ஜெனீற்றாவின் புருசன் றஜீபன் பால் போத்தல்களை ஐஸுக்குள் புதைத்து, றெஜிபோம் என்கிற அந்த வெள்ளை நுரைப்பெட்டியை, அதே படகில் போகிற தன் இரண்டு மீன் பெட்டிகள் மாதிரியே பச்சைக் கயிற்றால் வரிந்து கட்டினான். கைப்பழக்கம். அங்கேதான் வில்லங்கம் பிறந்தது.

குறிகட்டுவான் துறையில் ஜெனீற்றா பிள்ளையோடு படகின் அடித்தட்டிலிருந்து ஏறி வருவதற்குள் பெட்டிகளை இறக்கி, ஏலம் கூறி விற்றும் முடித்துவிட்டார்கள். றஜீபனின் பெட்டியை அங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவன் பேருக்கே விலை ஏறும். மூன்றையும் மீன் வியாபாரி யாகப்பு எடுத்துத் தன் வான் வண்டியில் ஏற்றிவிட்டார்.

பிள்ளையை அணைத்துக்கொண்டு வானடிக்கு ஓடினாள்.

"யாகப்பண்ணை, நில்லுங்கோ! ஒரு பெட்டியில மீன் இல்லை!"

"பின்னை என்ன, நண்டோ?"

சுற்றிவர ஆம்பிளைகள். குரலைத் தாழ்த்தினாள். "வேற சாமான்..."

"புருசனோட கதைக்கிறன் பிள்ளை. ஐஸ் கரையுது, நிண்டு தேட ஏலாது." வான் உறுமியது.

"என்ர பால் அண்ணை!" என்று கத்தினாள். "ஆஸ்பத்திரியில ஒரு பச்சைப்பிள்ளை பசியோட கிடக்குது!"

 வாய் ஓயாமல் ஏலம் கூறுகிற ஏரம்புகூட வானடிக்கு வந்து எட்டிப் பார்த்தான். யாரோ களுக்கென்று சிரித்தான். யாகப்பு திரும்பி முறைத்த முறைப்பில் அது நின்றது. அவர் இறங்கி, மூன்றாவது பெட்டியைத் திறந்து, திகதி எழுதி வரிசையாகக் கிடந்த போத்தல்களைப் பார்த்தார். மெதுவாக மூடினார்.

"பெட்டியைத் தாங்கோ, பஸ் போயிடும்."

"தரமாட்டன். கூறி எடுத்த பெட்டி என்ர பொறுப்பு. ஏறு பிள்ளை, முன்னுக்கு."

வான் பறந்தது. புங்குடுதீவுச் சந்தியில் மீன் வாங்க ஓலை உமலோடு நின்ற பெண்கள் கையைக் காட்டினார்கள். யாகப்பு தலையை வெளியே நீட்டி, "மீன் நாளைக்கு! இண்டைக்குப் பால்!" என்று கத்திக்கொண்டே போனார். ஜெனீற்றா வயிறு நோகச் சிரித்தாள். போன மானம் போனதுதான், இனி என்ன.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கப் பெட்டி போய்ச் சேர்ந்தது. தாதிமார் செய்யவேண்டியதெல்லாம் செய்து முடிக்க, மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாகப் பால் இறங்கியது. உள்ளங்கை அளவுப் பிள்ளை சப்புக்கொட்டியது. சீதேவி ஜெனீற்றாவின் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவேயில்லை.

மீன் வாடைக்கு உள்ளே விடமாட்டார்கள் என்று யாகப்பு வாசலிலேயே நின்றார்.

"குடிக்குதோ?"

"ஓம் அண்ணை, குடிக்குது."

அவர் உடனே போனை எடுத்தார். "ஏரம்பு, சொல்லு எல்லாருக்கும். பிள்ளை குடிக்குது!"

போனுக்குள்ளிருந்து இறங்குதுறை முழுவதும் ஆரவாரிப்பது கேட்டது. ஜெனீற்றா லியோனின் தலையில் முகத்தைப் புதைத்து, சிரித்துச் சிரித்து அழுதாள்.