முந்நூறு போர்டும் ஒரு பேன்ட் பாக்கெட்டும்

அண்ணனும் தங்கையும் நடத்திய டார்ச் பட்டறை அது. அண்ணன் முதலாளி, தங்கை வேலை தெரிந்தவள். குகைகளுக்குள் சிக்கியவர்களை மீட்கும் குழுவொன்று முந்நூறு டார்ச் கேட்டிருந்தது. எல்.ஈ.டி.க்கு அளவாகக் கரண்ட் அனுப்பும் வட்டப் போர்டுகள் திங்கட்கிழமை வந்து இறங்கின. அண்ணன் ஒன்றை எடுத்து மீட்டரில் அளந்தார். மூன்று ஆம்பியர் காட்ட வேண்டியது, ஒன்றேகால் காட்டியது. அடுத்ததும் அப்படியே. பத்தாவதும் அப்படியே.

போர்டு செய்து அனுப்பிய அம்மாளைப் போனில் பிடித்து இருபது நிமிடம் வறுத்தெடுத்தார்.

"நீங்க போர்டு செய்றீங்களா, பிஸ்கட் செய்றீங்களா?"

"ஒவ்வொண்ணையும் அளந்துதான் அனுப்பினேன். நாளைக்கு நேர்ல வர்றேன்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

தங்கை புது பேட்டரி போட்டாள், ஸ்பிரிங்கைச் சுரண்டித் துடைத்தாள். எண் அசையவில்லை. அண்ணனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? கரண்டின் அளவைத் தீர்மானிக்கும் குட்டி ரெசிஸ்டரின் மேல் இன்னொன்றைப் பற்றவைத்தால் கரண்ட் இரட்டிப்பாகும் என்று எங்கோ படித்திருந்தார். நாற்பது போர்டுகளில் இப்படி ரெசிஸ்டர் மேல் ரெசிஸ்டராக உப்புமூட்டை ஏற்றினார். மீட்டர் அப்போதும் ஒன்றேகாலையே காட்டியது.

"ரெண்டு மடங்கு ஆகணும்ல? ஏன் ஆகலண்ணே?"

"சிப்பே போலி. இதுகூடத் தெரியல உனக்கு."

மறுநாள் காலை போர்டுக்கார அம்மாள் வந்தார். அவர் உட்காரக்கூட இல்லை. அண்ணன் உப்புமூட்டைப் போர்டு ஒன்றை டார்ச்சில் மாட்டி நீட்டினார்.

"பாருங்க, மின்மினிப்பூச்சியே இதைவிட நல்லா எரியும்!"

அமுக்கினார். எதிர்ச் சுவர் வெளிச்சத்தில் வெள்ளையாக வெடித்தது. மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண் கூசிய அண்ணன், அணைத்துவிட்டதாக நினைத்து டார்ச்சைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

தங்கைக்கு மண்டை குடைந்தது. இன்னொரு உப்புமூட்டைப் போர்டை மீட்டரில் வைத்தாள். அதே ஒன்றேகால். ஆனால் விரலில் ஏதோ சுட்டது.

"அண்ணே, மீட்டர் வயர் ஏன் இப்படிச் சுடுது?"

"போன மாசம் அறுந்துபோச்சு. பழைய இயர்போன் வயரைப் போட்டு ஒட்டினேன்."

தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அந்த நூலு வழியா எங்கண்ணே மூணு ஆம்பியர் போகும்?"

தடித்த செம்புக் கம்பியை மாட்டி, கை படாத போர்டு ஒன்றை அளந்தாள். சரியாக மூன்று. உப்புமூட்டை ஏறியதோ கிட்டத்தட்ட ஆறு.

"ஆறா?" என்ற அண்ணன் அடுத்த நொடி தரையிலிருந்து ஓர் அடி எழும்பினார். பாக்கெட்டிலிருந்து புகை வந்தது. பேன்ட்டைக் கழற்றாமல் டார்ச்சை மட்டும் எடுப்பதற்கு அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கக் கூடாதென்று அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

மன்னிப்பு என்ற சொல் அண்ணனுக்கு வாயில் வராது. "டீ குடிக்கிறீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார். அதற்கு என்ன பொருள் என்று தங்கை அந்த அம்மாளிடம் விளக்கினாள்.

"முதல்ல அந்த நாற்பதையும் பிரிங்க. ஒவ்வொண்ணா நான் பார்க்கிறேன்" என்றார் அவர்.

கருகிய பேன்ட்டோடு அண்ணன் மதியம்வரை ரெசிஸ்டர் பிடுங்கினார். பெண்கள் இருவரும் முந்நூறையும் அளந்தார்கள். இருநூறைத் தாண்டியபோது ஒரு போர்டு மட்டும் ஒன்றரைக்கு மேல் ஏறவில்லை. அந்த அம்மாள் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ஈயம் சரியா பிடிக்கல. இது என் தப்புதான்."

அண்ணன் எழுந்தே விட்டார். "நான் நேத்தே சொன்னேன்ல!"