ஆசானின் வலது கால்

நாகர்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கிய ரசலையன் வீட்டுக்குப் போகவில்லை. பகவதியப்பன் ஆசானின் காலை உடைத்துவிட்டுத்தான் அண்ணன் முகத்தில் விழிப்பது என்று எட்டு வருசத்துக்கு முன்பே கர்த்தர் பேரில் ஆணையிட்டிருந்தான். ஆணையிடக் கூடாது என்று உபதேசியார் சொல்லியிருக்கிறார்தான். உபதேசியாரின் முழங்காலை எவனும் உடைக்கவில்லையே!

அண்ணன் ஜெபதாஸுக்கு மிஷன் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்த அன்று, புது பூட்ஸ் போட்டுக்கொண்டு பூதப்பாண்டிப் பக்கம் ஆசானின் தெரு வழியாக நடந்தான். ஆசான் அங்கே களரி வைத்து அடிமுறைச் சண்டை சொல்லிக்கொடுத்தவர். "எவன்லே எனக்க தெருவில செருப்போட போறது?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து ஒரே தட்டு. வாத்தியாரின் வலது முழங்கால் அதோடு மடங்காமல் போயிற்று.

ரசலையன் அந்த மாதமே கொழும்புக்கு ஓடி, ஒரு பிரெஞ்சுக் கப்பலில் கரி அள்ளச் சேர்ந்தான். மார்செய் ஊர்ச் சமையல்காரன் ஒருவன் அவனுக்கு சவாத் கற்றுக்கொடுத்தான். காலால் அடிக்கிற வித்தை; பூட்ஸ் போடாமல் ஆடக் கூடாது. அதைக் கேட்டதும் ரசலையனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. எந்தச் செருப்புக்காக அண்ணன் கால் போனதோ, அந்தச் செருப்பாலேயே வாங்கிக்கட்டட்டும் ஆசான்!

முழங்காலை மடக்கி, பிரம்பு வீசுவதுபோல் சுழற்றி, பூட்ஸ் நுனியைக் கன்னத்தில் வைப்பது ஃபுவெத்தே. தொடையை நெஞ்சுவரை இழுத்து, உலக்கை போடுவதுபோல் குதிகாலை இறக்குவது ஷாஸே. முகத்துக்கும் இறக்கலாம், முழங்காலுக்கும் இறக்கலாம். ரசலையன் முழங்காலுக்கு இறக்கித்தான் பழகினான். கப்பலில் இருந்த கரி மூட்டைக்கெல்லாம் பகவதியப்பன் என்றுதான் பேர்.

கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்த சமயம். பஸ்ஸை விட்டு இறங்கியவன் நேரே போய்ச் சேர்ந்தபோது ஆசான் களத்தில் தனியாக வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஓய் ஆசானே! ஜெபதாஸுக்க தம்பியாக்கும். செருப்போட வந்திருக்கேன்."

ஆசான் பூட்ஸைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "வீட்டுக்குப் போனியாலே?"

"அது ஒமக்கு எதுக்கு வேய்?"

"போயி அண்ணனப் பாத்துட்டு வா மக்கா. பொறவு வந்து அடி."

கிழவன் பயந்துவிட்டான் என்று ரசலையன் நினைத்தான். நினைக்கவே இனித்தது. "பயமாக்கும்!" என்று உரக்கச் சிரித்தான். 

அந்தச் சிரிப்பை ஆசானால் தாங்க முடியவில்லை. வைக்கோலை எறிந்துவிட்டு வேட்டியை இறுக்கிக்கொண்டு இறங்கி நின்றார். அடிமுறைக்காரர்கள் தாழ நிற்பார்கள். வலது கால் முன்னால் மடங்கியிருக்கும். ரசலையனுக்கு வேண்டியதும் அதுதான். முகத்துக்கு ஒரு ஃபுவெத்தே வீசினான். ஆசானின் இரண்டு கைகளும் மேலே போயின. வீசிய காலைத் தரையில் வைக்காமலே இழுத்து, முன்னால் நின்ற முழங்காலில் குதிகாலை இறக்கினான். 'மடக்' என்று கேட்டது.

ஆசான் வைக்கோலில் சாய்ந்தார். கத்தவில்லை. ரசலையனுக்கோ கத்த வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம்!

அப்போதுதான் வரப்பில் அண்ணன் வந்தான். ஒரு கையில் ஊன்றுகம்பு, மறு கையில் எண்ணெய்க் குப்பி. வலது முழங்கால் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

"அண்ணே! காலு மடங்குதே!" என்று ஓடினான் ரசலையன். "பழி தீத்தாச்சு அண்ணே!"

ஜெபதாஸ் அவனைத் தாண்டிப் போய் ஆசான் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த முழங்காலைத் தொட்டுப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது.

"ரெண்டு வருசமா இந்தக் காலாக்கும் எனக்க காலச் சவுட்டி மிதிச்சு உழிஞ்சது," என்றான். "கயத்தப் புடிச்சித் தொங்கிக்கிட்டு, எண்ணெ தேச்ச காலால. இன்னும் ஆறு மாசம் உழிஞ்சாத்தான் சுகம் நிக்கும். இல்லேன்னா நரம்பு பழையபடி இறுகிரும்."

"எனக்கு ஏன் எழுதல?"

"முழுசும் சுகமாகி, நீ வாரப்போ பஸ்ஸடிக்கு நடந்தே வந்து ஒன்னக் கூட்டிட்டுப் போகணும்னு இருந்தேன்."

"வேற ஆசான் இல்லியா?"

ஆசான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். "ஒருத்தன் அடிச்சதுல இன்னொருத்தன் தொட மாட்டான். அடிச்சவனே உழிஞ்சு இளக்கிச் சுகமாக்கிக் குடுக்கணும்னு களரி விளக்கத் தொட்டுச் சத்தியம். ஆறு வருசம் நான் மொறப்பா இருந்தேன், தப்புதான். ஒனக்க வித்தையில இளக்கு முறை உண்டாலே?"

"இல்ல," என்றான் ரசலையன்.

ஜெபதாஸ் எழுந்தான். "அவரத் தூக்கு."

ரசலையன் தூக்கினான். தோளில் முனகிய மனுசன்மேல் அவனுக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. அண்ணன் கம்பை ஊன்றி வரப்பில் முன்னால் நடந்தான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.