நீல மணப்பெண்

தயானியின் கல்யாணப் படத்தைத் திரையில் பார்த்ததும் தங்கவடிவேல் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மணப்பெண்ணின் முகம் நீலம்!

ஹட்டன் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த அவர், மொனிட்டரின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவி ஒன்று வாங்க நினைத்திருந்தார். கொழும்புக் கடைக்காரன் சிறியதும் பெரியதுமாக இரண்டை அனுப்பி, பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். சிறியதைத் திரையில் தொங்கவிட்டு அளந்ததன் பலன்தான் இந்த நீலம்.

விலை கூடிய பெரியதை மாட்டினார். மணப்பெண் கடும் நீலமானாள்.

வாசலில் செருப்புச் சத்தம். தயானியின் தாய் நாகலெட்சுமி! மகளைத் தக்காளிப்பழமாக்கிய முதலில் அச்சிட்ட அல்பத்தைத் திருப்பி எறிந்தவர்.

"இப்ப எம் மகள கிருஷ்ண பரமாத்மாவா ஆக்கிட்டீங்களா? எதிர் ஸ்டூடியோவுக்கே போறேங்க!"

"இருங்கம்மா! இந்த ரெண்டு மெசினுமே உதவாது" என்றபடி கருவியைக் கழற்றித் திருப்பியவர் திடுக்கிட்டார். நிறத்தை அளக்கும் கண்ணாடிக் கண்ணின் மேல் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். திரைதான் மஞ்சளும் சிவப்புமாக இருக்கிறதென்று நம்பி, கருவி நீலத்தைக் கூட்டியிருக்கிறது!

"செல்வநாயகீ!"

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "புதுச்சாமானுக்குப் பொட்டு வைக்க வேணாமாங்க? வெல கூடுனதுக்குப் பெருசாவே வச்சேன்."

இரண்டையும் துடைத்து மறுபடி அளந்தார். இரண்டிலுமே தயானி மாநிறத்துக்குத் திரும்பினாள்.

"இதுதான் எம் புள்ள!" என்று நாகலெட்சுமி நாற்காலியில் உட்கார்ந்தார்.

மலிவானதே போதுமென்று தங்கவடிவேல் பெருமூச்சு விட்டார்.

செல்வநாயகி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப, நாளைக்கு வட்டவளை கல்யாணத்துக்குக் கொண்டு போற புதுக் கேமராவுக்கு வச்சதையும் தொடச்சிரவாங்க?"