தலைப்பை விட்டு விலகிய பதில்

ஏஞ்சலம்மாள் வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைத்தபோது டிவி ஓடவில்லை, டீ போட்ட வாசனையும் இல்லை. புருஷன் தனசீலன் யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை முறைத்துக்கொண்டிருந்தான். மகள் ஆனி ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள். தாராவியில் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு வீட்டில், கோபித்துக்கொண்டு போய் நிற்பதற்கு அந்த ஒரு முழம்தான் உண்டு.

"என்ன, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒம் மவளுக்கு இங்கிலீஷ் வரலியாம்" என்றான் தனசீலன். "ஓரல் டெஸ்ட்டுல இருபதுக்கு ஆறு. டி டிவிஷன்ல கொண்டு போட்டுருவாவளாம்."

தனசீலன் பாந்திராப் பக்கம் பதினொரு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் இருபது வருஷமாக லிஃப்ட்மேன். அந்த வீட்டில் இங்கிலீஷுக்கு அவன்தான் அதாரிட்டி. ஆனால் லிஃப்டில் ஏறுகிறவர்கள் பாதிப் பேச்சில் இறங்கிப் போய்விடுவதால், அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வாக்கியம் எதற்கும் முடிவு கிடையாது. "பேசிக்கலி த பிராப்ளம் இஸ்..." என்று அழகாக ஆரம்பிப்பான். அதற்குள் நாலாவது மாடி வந்துவிடும்.

ஆனி செம்பூரில் ஒரு தனியார் இங்கிலீஷ் பள்ளியில் ஒன்பதாவது படித்தாள். சயின்ஸில் வகுப்பிலேயே முதல். ஆனால் அந்தப் பள்ளியில் ஒன்பதாவதில் பிள்ளைகளைப் பிரிப்பது சயின்ஸை வைத்து அல்ல, இங்கிலீஷ் பேச்சை வைத்து. நன்றாகப் பேசினால் ஏ டிவிஷன். லேப், நல்ல வாத்தியார்கள், எல்லாம் அங்கே. பேசாவிட்டால் டி. டியில் போனவர்கள் பத்தாவது தாண்டியதும் சயின்ஸ் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

"நீ வாயத் தொறக்கவே இல்லியா ஏட்டி?" என்றாள் ஏஞ்சலம்மாள்.

"தொறந்தேன்மா. அதான் பிரச்சினை."

டெஸ்ட்டில் நீட்டிய முதல் கார்டில் இருந்த கேள்வி: காலையில் உன் வீட்டு பால்கனியிலிருந்து என்ன தெரிகிறது? ஆனி இங்கிலீஷில் பதில் சொல்லியிருந்தாள்: எங்கள் வீட்டில் பால்கனி இல்லை, மிஸ். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு தெரியும். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறக்க முடியாது, இடிக்கும். அதனால் காலையில் யார் முதலில் திறப்பது என்று எங்களுக்குள் ஒரு போட்டி நடக்கும்.

இரண்டாவது கேள்வி: சாப்பாட்டு மேஜையில் உங்கள் குடும்பம் என்ன பேசும்? ஆனி: மேஜை இல்லை, மிஸ். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மூன்றாவது: கோடை விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போனாய்? ஆனி: நாங்கள் எங்கேயும் போகவில்லை. அம்மா வேலைசெய்யும் வீட்டுக்காரர்கள் போனார்கள். அதனால் அம்மா பத்து நாள் வீட்டில் இருந்தார். அதுதான் எங்கள் விடுமுறை.

காகிதத்தின் அடியில் குறிப்பு எழுதியிருந்தது. ஆனி அதைத் தமிழில் சொன்னாள்: "பதில் தலைப்பை விட்டு விலகிவிட்டது. கற்பனை போதாது. வீட்டில் இங்கிலீஷ் சூழல் தேவை."

"இங்கிலீஷ்ல எங்க தப்பாம்?"

"தப்புன்னு ஒண்ணும் போடலம்மா. டாபிக்ல இல்லையாம்."

"அப்போ நம்ம வீடு டாபிக்ல இல்லியோ?"

தனசீலன், "ஆக்சுவலி, இன் திஸ் கண்ட்ரி..." என்று ஆரம்பித்து வழக்கம்போல நிறுத்திக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை மறுபரீட்சை. பிள்ளையோடு அப்பாவோ அம்மாவோ வர வேண்டும். ஏஞ்சலம்மாள் முகம் கழுவி, டீ போட்டு, அதைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பால்கனிதான வேணும்? நாந் தாரேன்" என்றாள்.

செம்பூரில் பஞ்சு சார் என்று ஒரு ரிட்டயர்டு பேங்க் அதிகாரி. மூன்று பெட்ரூம் வீடு. பதினாலு வருஷமாக அந்த வீட்டைப் பெருக்கித் துடைப்பது ஏஞ்சலம்மாள்தான். அங்கே இருக்கிற மேஜை நாற்காலிகளைப் பற்றி அவற்றின் சொந்தக்காரருக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு அதிகம் தெரியும். அவர் அவற்றை மேலிருந்து பார்த்தவர்; அவள் அடியில் புகுந்து பார்த்தவள்.

மறுநாள் சாயங்காலம் ஆனியின் பையிலிருந்து சாக்பீஸ் வாங்கித் தரையில் வீட்டைப் போட்டாள். அடுப்பு மேடைப் பக்கம் ஹால். கட்டில் இருந்த இடத்தில் எட்டுப் பேர் சாப்பிடும் மேஜை. தனசீலனைக் காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவன் காலடியில் மாஸ்டர் பெட்ரூம். பால்கனிக்கு மட்டும் இடம் போதவில்லை. கோடு வாசலைத் தாண்டி, சந்தில் இறங்கி, பக்கத்து வீட்டுப் பூலோகத்தின் நீலத் தண்ணீர் டிரம் வரைக்கும் போனது.

டிரம்மில் தண்ணீர் எடுக்க வந்த பூலோகம் கோட்டைப் பார்த்து நின்றான். "என்ன மதினி, நீங்க கோலம்லாம் போட மாட்டீங்களே?"

"கோலம் இல்ல அண்ணாச்சி, பால்கனி. நீங்க இப்ப எங்க பால்கனில நிக்கிய."

பூலோகம் அவசரமாகச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

பாடம் ஆரம்பமானது. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல ஆனி இங்கிலீஷில் திருப்பினாள்.

"பால்கனில ஏழு தொட்டி. மூலைல ஒரு ஊஞ்ச, சத்தம் போடும். கம்பிக்குப் பொறத்த ரெண்டு இடத்துல புறா எச்சம், எவ்ளோ தேச்சாலும் போவாது."

"யம்மா, புறா எச்சம் வேண்டாம்."

"ஏன், நெசந்தான?"

"டாபிக்ல வராது."

"சரி, அத விடு. தூரத்துல ஒரு கிரவுண்டு, காலைல பத்துப் பேரு கூட்டமா நின்னு சும்மாவே சிரிப்பாவ."

"மேஜைல என்ன பேசுவாங்க?"

ஏஞ்சலம்மாள் யோசித்தாள். "யாரும் ஒண்ணும் பேச மாட்டாவ. ஆளுக்கொரு போன் வச்சிருப்பாவ."

இந்த இடத்தில் தனசீலன் உதவிக்கு வந்தான். "மார்க்கெட் இஸ் டவுன், பட் இன் த லாங் டெர்ம்..."

"பொறவு?"

"பொறவு ஆறாவது மாடி."

மூன்று நாளில் ஆனி அந்த வீட்டில் குடியேறிவிட்டாள். நாலாவது நாள் ராச்சாப்பாட்டின்போது மெதுவாகக் கேட்டாள். "இதெல்லாம் பொய்தானம்மா? ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வேற போறோம்."

"அவ்வோ கேக்குத கேள்வி மட்டும் மெய்யா ஏட்டி?" என்றாள் ஏஞ்சலம்மாள். சொல்லிவிட்டாளே தவிர அவளும் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

சனிக்கிழமை பள்ளி வராந்தாவில் பெஞ்சு நிறையப் பெற்றோர்கள். ஏஞ்சலம்மாளுக்குப் பாதி முகம் தெரிந்த முகம். காலையில் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள். தாராவி, கோவண்டி, மறுபடியும் தாராவி. லிஃப்ட் வைத்த கட்டடத்திலிருந்து ஒரு அம்மாகூட அந்தப் பெஞ்சில் இல்லை. இங்கிலீஷ் வராத பிள்ளைகளெல்லாம் எப்படி ஒரே பஸ்ஸில் வந்து சேருகிறார்கள் என்பது அந்தப் பள்ளிக்கு ஒரு தடவையும் ஆச்சரியமாகப் படவில்லை.

முதல் பெயரே ஆனி. உள்ளே முதல் டெஸ்ட் எடுத்த மிஸ் இல்லை, பரீஹா மிஸ் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயது, களைத்த முகம், கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. ஏஞ்சலம்மாளைச் சுவரோர நாற்காலியில் உட்காரச் சொன்னாள். ஒரு கார்டை எடுத்து, "இன்றைக்கு எல்லோருக்கும் இந்த ஒரே தலைப்புதான்" என்று சொல்லி நீட்டினாள்.

ஆனி படித்தாள். பால்கனி இல்லை. மேஜை இல்லை. 'உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் மெய்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசு.'

பிள்ளையின் காது சிவந்ததை ஏஞ்சலம்மாள் பார்த்தாள். மிஸ் தலைப்பை இன்னொரு முறை சத்தமாகப் படித்தாள். அதில் ஒரு வார்த்தை ஏஞ்சலம்மாளுக்கு நன்றாகவே தெரியும். பஞ்சு சார் கட்டடத்தில் லிஃப்ட் பக்கத்தில் போர்டு வைத்திருக்கிறார்கள்: மெய்டுகளும் டிரைவர்களும் பின்பக்க லிஃப்டில் போகவும்.

ஆனி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். 'வேண்டாம், போயிருவோம்' என்று சொல்கிற பார்வை. ஏஞ்சலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொல்லு என்று தலையை அசைத்தாள்.

"எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர் பெயர் ஏஞ்சலம்மாள்" என்று ஆனி ஆரம்பித்தாள். முதல் வாக்கியத்தில் குரல் உடைந்தது. அப்புறம் நிற்கவில்லை. அவர் காலை எட்டு மணிக்கு வருவார். தரை துடைக்கும்போது மெதுவாகப் பாட்டுப் பாடுவார். வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் வந்தால் நிறுத்திவிடுவார். மாவு பிசைந்தால் வலது கை விரல் மரத்துப்போகும், யாரிடமும் சொல்ல மாட்டார். அங்கே கொடுக்கிற பிஸ்கட்டைத் தின்ன மாட்டார், முந்தானையில் முடிந்து மகளுக்குக் கொண்டுபோவார். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டு நிமிஷம் கண்ணை மூடி உட்காருவார். அந்த இரண்டு நிமிஷம் அவரிடம் யாரும் பேசக் கூடாது.

ஏஞ்சலம்மாளுக்குப் பாதிதான் புரிந்தது. தன் பெயர் புரிந்தது, எட்டு மணி புரிந்தது, பிஸ்கட் புரிந்தது. நடுவில் பிள்ளை 'நீ, நீ' என்றது. தன்னைத்தான் நீ என்கிறாளாக்கும் என்று நினைத்தாள். முழங்காலுக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர் என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. முழங்கால் வலியை வீட்டில் அவள் சொன்னதே கிடையாது.

பரீஹா மிஸ் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பிரமாதம்! ஒரு வேலைக்காரியை இவ்வளவு கவனித்துப் பார்க்கிற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. ரொம்ப இரக்க சுபாவம்" என்று சொல்லி மையால் பத்தொன்பது போட்டாள். பிறகு படிவத்தைத் திருப்பி ஏஞ்சலம்மாளைப் பார்த்து ஹிந்தியில், "ஆப்கா நாம்?" என்று பெயர் கேட்டாள்.

மிஸஸ் தனசீலன் என்று சொல்லியிருக்கலாம். புருஷன் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தான். ஆனால் அந்த அறையில் இப்போதுதான் ஐந்து நிமிஷம் ஒரு பெயரைத் தூக்கி வைத்துப் பேசியிருக்கிறார்கள். அதை வேறு எவளுக்கோ விட்டுக்கொடுத்துவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

"ஏஞ்சலம்மாள்" என்றாள்.

பேனா நின்றது. மிஸ் படிவத்தைப் பார்த்தாள், ஆனியைப் பார்த்தாள், முந்தானையைப் பார்த்தாள். "அதே பெயரா?"

"பேரும் அதே, ஆளும் அதே" என்றாள் ஏஞ்சலம்மாள் பம்பாய் ஹிந்தியில். "வீடு மட்டுந்தான் வேற. புள்ள இங்கிலீஷ்ல தப்பு இருந்தாச் சொல்லுங்க மிஸ், மார்க்கக் கொறச்சுக்கிடுங்க."

பரீஹா மிஸ்ஸின் முகம் சிவந்தது. "கார்டு நான் எழுதினது இல்லை, மேலேயிருந்து வருது" என்றாள். பிறகு தொழில் என்ற கட்டத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "ஹவுஸ்வைஃப்னு போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள்.

"வேண்டாம். மெய்டுனே போடுங்க. ஒங்க கார்டுல அப்படித்தான போட்டிருக்கு?"

மிஸ் அப்படியே எழுதினாள். பத்தொன்பதை அடிக்கவில்லை.

வெளியே வந்ததும் பெஞ்சே எழுந்து சூழ்ந்துகொண்டது. என்ன கேக்காங்க, என்ன கேக்காங்க என்று ஒரே சத்தம். "பயப்படாதிய" என்றாள் ஏஞ்சலம்மாள். "வீட்டு வேலைக்கு வாரவள பத்திச் சொல்லணுமாம். நம்மள பத்தித்தான். புள்ளைங்கள நெசத்தச் சொல்லச் சொல்லுங்க. யாரு வீட்டுலன்னு மட்டும் தானா சொல்ல வேண்டாம்."

அந்தப் பெஞ்சில் பதினொரு தாய்மார். அதில் எட்டுப் பேர் செம்பூரிலும் சான்பாடாவிலும் வீடு துடைக்கிறவர்கள். அன்றைக்கு ஒன்பது பிள்ளைகள் பாஸ். ஒரே நாளில் இத்தனை பேருக்குக் கற்பனை வளர்ந்துவிட்டது பள்ளி நிர்வாகத்துக்குச் சந்தேகமாக இருந்தது. விசாரித்தார்கள். தேறியவர்களை இறக்க வழியில்லை. மொழியில் பிழை யாராலும் காட்ட முடியவில்லை. ஆனி ஏ டிவிஷனில் போய் உட்கார்ந்தாள். ஆனால் கார்டு தவறு என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷப் பரீட்சைக்கு முன்பே அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தார்கள்: 'உன் விமானப் பயணம் ஒன்றை வர்ணி.'

விஷயம் தெரிந்த அன்று, எட்டாவது முடித்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பூலோகத்தின் பெண்சாதி ஓடி வந்தாள். "இதுக்கு எங்க போவேன் அக்கா? எம் மவ ஏரோப்ளேன மேல பறக்கும்போதுதான பாத்திருக்கா?"

ஏஞ்சலம்மாள் செருப்போடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிமிஷம் ஆகட்டும் என்று ஆனி கையைக் காட்டினாள். ஆனால் அன்றைக்கு ஏஞ்சலம்மாள் ஒரு நிமிஷத்திலேயே கண்ணைத் திறந்துவிட்டாள்.

"ஏரோப்ளேன உள்ள போய்த் தொடச்சிட்டு வாரவ நம்ம சந்துல யாரு இருக்கா? அவளக் கூட்டிட்டு வா."