மேனேஜர் நலம்

அன்று அக்கா வீட்டு முன்னறையில் மூன்று பேர் இருந்தோம். மீன்தொட்டிக்கு நேர் எதிரே, அத்தான் வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலியில் சித்தப்பா. ஜன்னலோரம், பாதி தைத்த திரைச்சீலையை மடியில் போட்டுக்கொண்டு என் மனைவி. தையல்காரி, கை சும்மா இருக்காது. மேசையில், பாதியில் நின்ற கடிதத்தோடு நான். நான்காவதாக இருந்திருக்க வேண்டியவர் மேனேஜர். அவரைத்தான் காணோம்.

மேனேஜர் என்பது அத்தானின் தங்கமீன். மெதுவாகத் தொட்டியைச் சுற்றி வருவார், மூலை மூலையாக எட்டிப் பார்ப்பார், வேலை எதுவும் செய்ய மாட்டார். அதனால் அக்கா வைத்த பெயர். அவரை விட்டுப் பிரிய மனமில்லாமல் அத்தான் பல வருடங்களாக அக்காவை எங்கும் அழைத்துப் போனதில்லை. இந்த முறை, இங்கேயே தங்கி மீனைப் பார்த்துக்கொள்வதாக நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் மலை விடுதிக்குக் கிளம்பினார்கள். மணிக்கொரு தரம் மீனை விசாரிப்பார் என்று பயந்து, தங்கள் கைபேசிகள் இரண்டையும் அக்கா அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டாள். பதிலுக்கு அத்தானும் ஒரு நிபந்தனை போட்டார்: வார நடுவில் என் கடிதம் வர வேண்டும். அதில் மேனேஜர் நலம் என்ற வரி இல்லையென்றால் அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவார். அப்புறம் அக்கா இன்னொரு விடுமுறையைக் கனவில்தான் பார்க்க வேண்டும்.

மாலைத் தபால் எடுப்பதற்குள் கடிதம் பெட்டியில் விழுந்தாக வேண்டும். தொட்டித் தண்ணீரோ அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கிக் கிடந்தது.

"காலையில ஒரு சிட்டிகை தீனிதானே போட்டேன்," என்றேன்.

மனைவியின் ஊசி நின்றது. "ஒரு சிட்டிகை எந்த மூலைக்குங்க? மத்தியானம் வந்து பார்த்தா, கண்ணாடிகிட்ட வந்து வாயை வாயைத் திறக்குது. பாவமா இருந்துச்சு, நானும் கொஞ்சம் போட்டேன்."

"நீயுமா?" என்றார் சித்தப்பா. "நான் சாயங்காலம் நடக்கப் போறப்ப ஒரு கை போட்டுட்டுத்தான் போறேன். வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கலாமா?"

"ஒரு கையா!"

"என் கை சின்னக் கைடா."

எங்கள் குடும்பமே இப்படித்தான். எதிரே யார் வாயைத் திறந்தாலும், ஏதோ சொல்ல வருகிறார்கள் என்று நினைக்க மாட்டோம். பசிக்கிறது என்றே நினைப்போம்.

ரப்பர் குழாய் வைத்துத் தண்ணீரை இறக்கினேன். பாதி இறங்கியதும் கையை விட்டுத் துழாவினேன். அடியில் கிடந்த மண்பானைக்குள் ஏதோ துடித்தது. பானையை அப்படியே தூக்கி, முன்பே பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீர் வாளியில் இறக்கினேன். பானையின் வாயில் ஒரு வால் மட்டும் ஆடியது.

"உசுரு இருக்கு!" என்று கத்தினாள் மனைவி.

"இருந்து என்ன, தொப்பை உள்ளே சிக்கிக்கிச்சே," என்றார் சித்தப்பா. "தன் ரூமுக்குள்ள போய்த் தானே மாட்டிக்கிட்ட மேனேஜரை இப்பத்தான் பாக்குறேன்."

இழுத்தால் செதில் போகும். உடைத்தால் சில்லு குத்தும். நான் கையைப் பிசைந்தேன்.

"சட்டை தலையில நுழையலைன்னா தலையையா வெட்டுறோம்? கழுத்தைத்தான் அகலமாக்குவோம்," என்ற மனைவி, அத்தானின் கருவிப் பெட்டியிலிருந்து குறடு ஒன்றை எடுத்தாள். துணி ஓரம் கத்தரிப்பது போல, பானையின் விளிம்பைத் துணுக்குத் துணுக்காகக் கடித்து எடுத்தாள். மேனேஜர் பின்பக்கமாக வழுக்கி வெளியே வந்தார். ஒருக்களித்துச் சாய்ந்தார். மூன்று பேரும் வாளியின் மேல் குனிந்தோம். பிறகு மெல்ல நிமிர்ந்து, வட்ட வாளிக்குள் மூலையைத் தேடிச் சுற்ற ஆரம்பித்தார்.

"அப்பாடா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் சித்தப்பா. எனக்குக் கண் கலங்கியது. தொட்டித் தண்ணீர் தெறித்ததென்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

மேனேஜர் மேலே வந்து எங்களைப் பார்த்து வாயைத் திறந்தார். சித்தப்பாவின் கை தீனி டப்பாப் பக்கம் போனது.

"மாமா!" என்று அதட்டினாள் மனைவி.

கை திரும்பி வந்தது. டப்பாவும் கைபேசிகளோடு அலமாரிக்குள் போனது.

"பானையைப் பத்தி எழுதாதே," என்றார் சித்தப்பா. "லெட்டர் கிடைச்ச ராத்திரியே மாப்பிள்ளை பஸ் ஏறிடுவாரு."

"மறைச்சா மட்டும் திரும்பி வந்து பார்க்க மாட்டாரா?" என்றாள் மனைவி.

யோசித்து எழுதினேன்: 'மேனேஜர் நலம். நன்றாகச் சாப்பிடுகிறார். பானையின் வாய் மட்டும் சற்று அகலமாகியிருக்கிறது, காரணம் நேரில்.' மடித்து உறையில் வைத்துப் பசை தடவி ஒட்டினேன். தபால்காரர் தெருமுனைப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.