உசுப்பு மருந்து

எங்கள் ஆய்வகத்தில் நான்தான் சரியான ஆள். இது என் வாய்க்கொழுப்பு இல்லை, வேலை முறை. வாரத்துக்கு ஆறு பேருடைய ரத்தம் குரோமோசோம் பரிசோதனைக்கு வரும். கூடவே ஏழாவதாக, எந்தக் கோளாறும் இல்லாத ஒருவருடைய ரத்தத்தின் செல்களையும் அதே மாதிரி குழாயில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அது ஒழுங்காக வந்தால்தான் மற்ற ஆறையும் நம்பலாம். ஒன்பது வருடமாக அந்த ஏழாவது ஆள் நான். என் நாத்தனாருக்கு இங்கேயே வேலை வாங்கிக் கொடுத்த பிறகு, எனக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் பொறுப்பாயிற்று. வீட்டில் குத்துவது போதாதென்று இங்கேயும் குத்துகிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பேன். உண்மையில் அவள் வாயில்லாப் பூச்சி. குத்துவதெல்லாம் நான்தான்.

உடம்பில் ஓடும் ரத்தத்தில் வெள்ளணுக்கள் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், பிரியாது. ஆனால் குரோமோசோம்களை எண்ண வேண்டுமென்றால் செல் இரண்டாகப் பிரிகிற சமயத்தில்தான் முடியும். அப்போதுதான் அவை திரண்டு, தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். அதற்காக ஒரு பயற்று விதையிலிருந்து எடுத்த மருந்தைக் குழாயில் விடுவோம். அதன் நிஜப் பெயர் வாயில் நுழையாது. உசுப்பு மருந்து என்போம். அது பட்டால் சும்மா கிடக்கும் செல்கள் பிரியத் தொடங்கும். மூன்றாம் நாள் இன்னொரு மருந்தை விட்டு அவற்றைப் பாதியில் நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டி, சாயம் ஏற்றி எண்ணுவோம். ஆளுக்கு இருபத்தைந்து செல். ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறு, அதாவது இருபத்துமூன்று ஜோடி, இருக்க வேண்டும்.

எப்போதாவது ஒரு செல் பிரியும்போது பங்கு சரியாகப் போகாது. ஒரு பக்கம் நாற்பத்தேழு, மறுபக்கம் நாற்பத்தைந்து என்று ஆகிவிடும். அப்படிப் பிறந்தவை பெரும்பாலும் தாமாகவே செத்துவிடும். சாகாமல் நின்றுவிட்டால்தான் ஆபத்து. அது தன் தப்பையும் சேர்த்தே நகலெடுத்துப் பெருகும், நிறுத்து என்றால் கேட்காது. ரத்தப் புற்று பல சமயம் அப்படித்தான் தொடங்கும்.

மூன்று வாரமாக என் தகட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாற்பத்தேழு தென்பட்டது. நான் அசரவில்லை. சொட்டும்போது பக்கத்து செல்லிலிருந்து ஒரு குரோமோசோம் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்வது உண்டு. அந்த செல்லை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எண்ணிக்கொள்வோம். நானும் ஒதுக்கினேன். ஒதுக்கியதோடு விடாமல், "தகட்டை ஒழுங்கா கழுவத் தெரியுதா உனக்கு? வீட்டுல தட்டு கழுவுற லட்சணம்தான் இங்கயும்" என்று நாத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுநாள் எல்லாத் தகடுகளையும் இரண்டு முறை கழுவி வைத்தாள்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் முதல் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். வெறும் உருண்டைகள். பிரிகிற செல் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதும் அப்படியே. ஆறாவது வரைக்கும் பார்த்தபோது என் காது சூடாகிவிட்டது.

"ஏய், இங்க வா. திங்கக்கிழமை உசுப்பு மருந்து போட்டியா, இல்லியா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "போட்டேன் அண்ணி... போட்டேனே..."

"எந்த பாட்டில்ல இருந்து?"

அவள் குளிர்பெட்டியைத் திறந்தாள். பழைய பாட்டில் போன வாரமே காலியாகிவிட்டது. அதைக் குப்பையில் போட்டது நான்தான். புதிய பாட்டில் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். மூடியின் மேல் தகரச் சுற்று பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அவள் முகம் வெளுத்தது.

"மறந்துட்டேன் அண்ணி. அன்னிக்குக் கரண்ட் போச்சுல்ல, அந்த அவசரத்துல... ஏழு குழாய்லயும் மறந்துட்டேன்."

அப்புறம் நான் பேசியதை இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆறு பேரையும் மறுபடி வரச்சொல்லி யார் கெஞ்சுவது என்றேன். உங்கள் அண்ணன் முகத்துக்காக உன்னை இங்கே சேர்த்துவிட்டேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றேன். அவள் தலை குனிந்து அழுதாள். அழுகிற பிள்ளையைப் பார்த்தும் எனக்கு வேகம் தணியவில்லை. ஏழாவதையும் பார்த்து முடித்துவிட்டு, மொத்தமாகக் கொட்டிவிடலாம் என்று என் தகட்டை எடுத்து வைத்தேன்.

தகடு நிறையப் பிரிகிற செல்கள்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், சத்தியமாக. பரவாயில்லை, முழுக்கப் பாழாகவில்லை என்று நினைத்தேன். ஒன்றை எண்ணினேன், நாற்பத்தேழு. அடுத்ததும் நாற்பத்தேழு. சுற்றிலும் காலியான இடம், நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ள அக்கம்பக்கத்தில் வேறு செல்லே கிடையாது. பதினொன்று எண்ணினேன். எல்லாவற்றிலும் அதே எட்டாவது ஜோடியில்தான் மூன்றாவதாக ஒன்று கூட நின்றது. பன்னிரண்டாவதில் கணக்கு விட்டுப்போயிற்று.

யாரும் உசுப்பாமல் அவை பிரிந்துகொண்டிருந்தன. குழாயில் மட்டும் அப்படி ஆகியிருக்க வழியில்லை. அந்த நிமிடம் என் கையிலும் கழுத்திலும் ஓடும் ரத்தத்தில் அதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. பல் துலக்கும்போது ரத்தம் வந்ததற்குப் பிரஷ் மேல் பழி போட்டிருந்தேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியதற்கு வயது மேல். திங்கட்கிழமை ரத்தம் எடுத்த இடம் இன்னும் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிக் கிடந்தது, அதற்கும் திட்டு வாங்கியவள் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளையோ பொருளையோ தேடிப் பிடித்திருக்கிறேன். மூன்று வாரம். என் கண்ணாலேயே பார்த்து, என் கையாலேயே ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன்.

"அண்ணி? உங்களோடதும் காலிதானே?"

நாற்காலியைத் தள்ளி இடம் விட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். திருகைத் திருப்பித் திருப்பி ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தாள். அவள் உதடு எண்ணுவது தெரிந்தது. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். பாவி, வேலையை நான் நன்றாகத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

நிமிர்ந்தபோது அழுகை நின்றிருந்தது. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, நான் போட்டேன்."

"என்னத்த?"

"உசுப்பு மருந்து. உங்க குழாய்ல மட்டும் போட்டேன். இப்பதான் ஞாபகம் வருது."

"எதுல இருந்துடி? பாட்டில் பிரிக்கவே இல்ல."

"பழைய பாட்டில்ல அடியில கொஞ்சம் இருந்துச்சு."

"அத நான் போன வாரமே தூக்கிப் போட்டேன்."

"இருந்துச்சு அண்ணி." அவள் குரல் உயர்ந்தது. என்னிடம் அவள் குரல் உயர்த்தியதே கிடையாது. "நான்தான் மறதிக்காரி ஆச்சே, போட்டுட்டு மறந்துட்டேன். வேற என்னமோ கலந்துட்டேன். வேற யார் ரத்தமோ மாறிப்போச்சு. எல்லாம் நான் பண்ணின தப்புதான் அண்ணி. திட்டுங்க. ஏன் சும்மா இருக்கீங்க? திட்டுங்களேன்."

அவள் சொன்னதை நம்பிவிட ஆசையாக இருந்தது. ஒரு மறதியாக, ஒரு கவனக்குறைவாக அது இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். அவள் கையிலிருந்த பாட்டிலை மெல்ல வாங்கி, பிரிக்காத அந்த மூடியைப் பார்க்காமலே மேசையில் வைத்தேன்.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா," என்றேன்.

அதைக் கேட்டதும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.