ஜன்னல் கம்பியில் தொங்கிய கேபிள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது நெய்வேலியில் என்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபத்தால் ஐந்து நாள் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண்ணை வறுத்தெடுத்தேன். தப்பு முழுக்க என்னுடையது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சுரங்க வேலைகளுக்கு உதிரிபாகம் சப்ளை செய்யும் ஒரு தனியார் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினெட்டு வருஷ சர்வீஸ், பர்மனென்ட். சண்முகப்பிரியா கான்ட்ராக்ட். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஒரு கரு தங்கவில்லை. இந்தத் தடவை ஆறாம் மாதத்தில் டாக்டர், பஸ் ஏறவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மேனேஜர் ஜெயப்பிரகாஷ் ரொம்ப யோசித்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்தார். ஆபீஸ் மாடியில் இருக்கும் அவளுடைய கம்ப்யூட்டருக்குள், படுத்தபடியே லேப்டாப் மூலம் நுழைந்து வேலை செய்வாள். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவனே நான்தான்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆபீஸில் அதற்கு முந்தின நாள் தரையைக் கழுவிவிடுவார்கள். ஈரம் படக் கூடாதென்று எல்லா நெட் கேபிளையும் கழற்றிச் சுருட்டி ஜன்னல் கம்பியில் மாட்டிவிடுவேன். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. லீவு முடிந்து வருகிறவர்கள் அவரவர் கேபிளை அவரவரே மாட்டிக்கொள்வார்கள். பூஜையன்று பிரியாவின் மேஜையைப் போட்டோ எடுத்து, "உன் சிஸ்டத்துக்கும் பொட்டு வச்சாச்சும்மா" என்று அவளுக்கு அனுப்பினேன். லீவு முடிந்த திங்கட்கிழமை காலையில், அவள் கம்ப்யூட்டரை ஆன் செய்ய ஆள் இல்லையே என்று நானே ஞாபகமாக மாடிக்குப் போய் ஆன் செய்துவிட்டு வந்தேன். எவ்வளவு நல்லவன் பாருங்கள். ஆன் செய்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

ஒன்பது மணிக்கு போன் வந்தது.

"சார், கனெக்ட்டே ஆவல. எட்டரையிலருந்து பாத்துகினு இருக்கேன்."

"மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"பண்ணிட்டேன் சார்."

"இன்னொரு தரம் பண்ணு. பாஸ்வேர்டை ஒழுங்கா அடி."

செவ்வாய்க்கிழமை, "லேப்டாப்ல கண்டதையும் ஏத்தி வச்சிருப்பே" என்றேன். புதன்கிழமை அவள் மூச்சு வாங்கப் பேசினாள். "மோடம் எங்க வீட்டு மாடியில இருக்கு சார். இப்பதான் ஏறி எறங்குனேன்." அதற்கு நான், "மறுபடி ஏறிப் பாரு, லைட்டு எரியுதான்னு சொல்லு" என்றேன். இதே வாயால்தான் சொன்னேன். வியாழக்கிழமை வரை, 'பயனர் வீட்டு இணைப்பில் கோளாறு' என்று புகார் நோட்டில் நான்கு தடவை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இந்த மாதிரிப் புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, நம் பக்கத்துக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்பதை. என் சீட்டிலிருந்தே பத்து விநாடியில் பார்த்துவிடலாம். பார்க்கவில்லை. நானே ஆன் செய்ததாயிற்றே, அதில் என்ன கோளாறு வந்துவிடப்போகிறது என்கிற திமிர்.

வெள்ளிக்கிழமை ஜெயப்பிரகாஷ் கூப்பிட்டார். "திங்கக்கிழமை அந்தப் பொண்ண ஆபீஸுக்கு வரச் சொல்லுங்க. முடியலன்னா வேற ஆளப் போட்டுக்கலாம்."

அவளிடம் சொன்னேன். "சரி சார்" என்றாள். அரை மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"சார், பூஜையன்னிக்கு ஒரு போட்டோ அனுப்புனீங்களே. அதுல ஜன்னல் கம்பியில மஞ்சளா ஒண்ணு சுருட்டி மாட்டியிருக்கே, அது இன்னா சார்?"

"அது... பழைய ஒயரும்மா" என்றேன்.

மாடிக்கு ஓடினேன். மற்ற மேஜைகளின் கேபிள் எல்லாம் மாட்டியிருந்தது. அவளுடையது மட்டும் கம்பியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது.

"இப்பப் பாரும்மா."

"வந்துடுச்சு சார். இன்னா பண்ணீங்க?"

"சர்வர்ல ஒரு செட்டிங் மாத்தினேன்."

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள். கூச்சமே இல்லாமல் அதையும் வாங்கிக்கொண்டேன்.

சரியாகிவிட்டது என்று ஜெயப்பிரகாஷிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இன்னிக்கு சரியாகும், நாளைக்கு மறுபடி கட்டாகும். வீட்டு லைன் சரியில்லன்னு நீங்கதானே நாலு தடவ எழுதிக் குடுத்தீங்க? திங்கக்கிழமை வரட்டும்."

மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் மாடிக்கு மொத்தம் இருபது படி. அதை ஏறிப் பார்க்க எனக்கு வலித்தது, அவளை வயிற்றுப் பிள்ளையோடு ஏறவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நான்கு மணிக்கு மறுபடியும் மேனேஜர் அறைக்குப் போய், போட்டோவைக் காட்டி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் போட்டோவைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இதுவா ராஜ்மோகன்?" என்றார். புகார் நோட்டை என் பக்கம் தள்ளினார். நான்கு வரியையும் அடித்துவிட்டு, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "சரி, வீட்லேருந்தே பாக்கட்டும்" என்றார்.

உடனே பிரியாவைக் கூப்பிட்டேன். "நீ திங்கக்கிழமை வர வேணாம்மா. கோளாறு உன் வீட்ல இல்ல. அந்த மஞ்சள் கேபிள்தான். மாட்டாம விட்டது நான். மன்னிச்சுடும்மா."



"தெரியும் சார். போட்டோவப் பாத்தப்பவே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் ஏம்மா மேனேஜர்கிட்ட சொல்லல?"

"நான் கான்ட்ராக்ட் சார். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுக்கு மேல நான் சொன்னா யாரு கேப்பாங்க? அதான் உங்களயே கேட்டுப் பாத்தேன்." அவள் குரலில் கோபமே இல்லை. "பழைய ஒயர்னு சொல்லிட்டீங்க."